ஒன்றும் கிடைக்காத வானம்

எனக்குக் கோபம் வந்தால் செருப்புக் கடைக்குப் போவேன். ஆம்பூரைத் தாண்டும் பெரிய ரோட்டோரம் வரிசையாக இருக்கிற எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடைகள்தான். தையல் ஒரு இடத்தில் தாவிவிட்டது, பசை வெளியே வழிந்துவிட்டது, இடது காலும் வலது காலும் நிறத்தில் ஒத்துப்போகவில்லை என்று ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ஷூக்கள் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் கையை விட்டுக் கிளறினால் கொஞ்சம் அடங்கும். வாங்குவதில்லை. கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் பழகிவிட்டார். "வந்துட்டியாம்மா? கெளறு கெளறு" என்பார்.

என் கோபத்துக்கும் இந்தக் கடைக்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறது. எவனிடமாவது முழுசாகச் சொல்லலாம் என்று பார்த்தால் பாதியிலேயே போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான். ஆகவே எழுதுகிறேன்.

நான் ஆராய்ச்சி மாணவி. படிப்பது வானியற்பியல். எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும். "இன்னா படிக்கிறே?" என்பார்கள். "வானத்தப் பத்தி" என்பேன். "அப்டியா, இந்த வாட்டி மழ வருமா?" என்பார்கள். அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அம்மா ஷூ ஃபேக்டரியில் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறாள். "எம்பொண்ணு டாக்டராவப் போறா. ஊசி போடற டாக்டரு இல்ல, அதுக்கும் மேல" என்று கம்பெனி பஸ்ஸில் அத்தனை பெண்களிடமும் சொல்லிவைத்திருந்தாள். பஸ் எங்கள் தெருமுனையில் நின்றால் ஜன்னலில் இருந்தே நாலு பேர் எனக்குக் கையாட்டுவார்கள்.

விஷயம் அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம். அப்படிப்பட்ட மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடந்தால் அது மண்டலக் கொத்து. ஈர்ப்புவிசை கட்டிவைத்திருக்கிற பொருள்களில் அதைவிடப் பெரியது கிடையாது. கொத்துக்குள் நிரம்பியிருக்கிற வாயு பயங்கரச் சூட்டில் இருக்கும், எக்ஸ்-கதிர் விடும். அந்தச் சூட்டை வைத்துக் கொத்தின் கனத்தைக் கணக்குப் போடலாம். அதுதான் என் வேலை. தராசு இல்லாமல் எடை போடுவது.

எதற்கு எடை போட வேண்டும்? பிரபஞ்சம் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே சீராக இருந்தது. கிட்டத்தட்டத்தான். இங்கே இம்மி ஜாஸ்தி, அங்கே இம்மி கம்மி. ஜாஸ்தி இருந்த இடம் பக்கத்தில் இருந்ததை இழுத்தது, இழுத்ததால் இன்னும் கனத்தது, கனத்ததால் இன்னும் இழுத்தது. அப்படி வளர்ந்ததுதான் கொத்து. வளர்வதற்குக் காலம் வேண்டும். வெளிச்சம் வந்து சேரக் காலம் ஆகும் என்பதால், தூரத்தில் பார்ப்பது என்றாலே பழையதைப் பார்ப்பது. ஆகவே மிகத் தூரத்தில், பிரபஞ்சம் இளசாக இருந்த சமயத்தில், ரொம்பக் கனமான கொத்துகள் அபூர்வமாகத்தான் இருக்க முடியும். எவ்வளவு அபூர்வம் என்பதற்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. சின்னக் கொத்துகள் ஆயிரம் கிடைத்தாலும் அந்தக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை சீக்கிரத்தில் இத்தனை கனமா என்று வாயைப் பிளக்கவைக்கிற ஒரே ஒரு கொத்து கிடைத்தால் போதும். தொடக்கத்தைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டிருக்கிற கதையைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

என் கைடு அந்த ஒன்றுக்காகத்தான் வாழ்ந்தார். சார் ஆம்பூர்க்காரர், தோல் மண்டி வைத்திருந்த குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் வியாபாரத்துக்குப் போக, இவர் மட்டும் இயற்பியல் படித்தார். நல்ல மனுஷர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. என்னைச் சேர்த்துக்கொள்ள வேறு யாரும் முன்வராதபோது சேர்த்துக்கொண்டவர் அவர். காய்ச்சலாகக் கிடந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி செய்து அனுப்பியவர். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆக வேண்டும். அதற்குள் ஒரு பெரிய விஷயம் பண்ணிவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் நடையிலேயே தெரியும்.

வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. வானத்தில் நாலு இடங்களை சார் குறித்துக் கொடுத்தார். முதல் மூன்றும் பரந்த இடங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த மூன்றிலும் தேடினேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததுதான் மிச்சம், கனமான கொத்து ஒன்றுகூட இல்லை. நாலாவது ஒரு சின்ன மூலை. அந்த மூன்றோடு வைத்துப் பார்த்தால் கைக்குட்டை அளவு. அதில் கிடைத்தது.

சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோனேன். எடையைத் திரும்பத் திரும்பப் போட்டேன். வாயு அலைக்கழிந்துகொண்டிருந்தால் எடை ஏமாற்றும், ஆகவே வேறு வழியிலும் போட்டேன். கனம்தான். சார் மறுநாள் துறைக்கே பிரியாணி கொண்டுவந்தார், கத்திரிக்காயோடு. வாட்ச்மேன் வரைக்கும் எல்லோரும் சாப்பிட்டார்கள். "நம்ம ஊரு பொண்ணு கண்டுபுடிச்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே பரிமாறினார். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டுரையை சாரே எழுதினார். முதல் பெயர் என்னுடையது. எந்த கைடு அப்படிச் செய்வான்? படித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சின்ன மூலையில் இவ்வளவு கனமான கொத்து இருக்க வாய்ப்பே கிடையாது, ஆகவே தொடக்கத்தைப் பற்றிய கணக்கே ஆட்டம் கண்டுவிட்டது என்று முடித்திருந்தார். மற்ற மூன்று இடங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

"சார், மத்த மூணும்?"

"அதுல இன்னாம்மா இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் அத எதுக்கு எழுதணும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எங்க மண்டில பாத்துருக்கேன். கட்டு கட்டா தோலு வரும். பிரிச்சுப் பாத்து நல்லத எடுத்து வெப்போம். வாங்கற பார்ட்டிக்கு அனுப்பறப்ப கழிச்சதப் பத்தி எவனாவது சொல்லுவானா? செலக்‌ஷன் முடிஞ்சா முடிஞ்சதுதான். அனுப்பறத மட்டும் ஒழுங்கா அனுப்பு."

நானும் இந்த ஊர்ப் பெண்தானே. கழித்ததைக் கழித்த இடத்திலேயே விட்டுவிடுவது எனக்கும் பழக்கமான நியாயம். ஏதோ இடித்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் அக்கா, பையனுக்கு ஸ்கூல் ஷூ வேண்டும் என்று என்னை ரிஜெக்ட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குவியலில் ஒரு ஷூவை எடுத்துத் திருப்பினேன். குதிகால் பக்கம் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். குறை எங்கே என்று காட்ட செக்கிங்கில் ஒட்டுவது. பிய்த்து எறிய மறந்துவிட்டார்கள். "அம்மா ஒட்டுனதா இருக்கும்டி" என்று அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கேயோ தூர தேசத்தில் கண்ணாடி அலமாரியில் ஒரு ஜோடியைப் பார்க்கிறவள், ஆம்பூர்ப் பெண்களுக்குக் கோணல் தையலே போட வராது என்று நினைத்துக்கொள்வாள். இந்தக் குவியலை அவள் பார்த்ததில்லை. பார்த்தால் அந்த ஜோடி அதிசயம் இல்லை, இத்தனையில் தேறிய ஒன்று, அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அபூர்வம் என்பது எவ்வளவு தேடினோம் என்பதோடு சேர்ந்தது. கைக்குட்டை அளவு வானத்தில் தேடி ஒரு ராட்சசக் கொத்து கிடைத்தால் அது கணக்கை உடைக்கும். அத்தனை பெரிய மூன்று இடங்களிலும் தேடி ஒன்றும் கிடைக்காமல், நாலாவதில் ஒன்று கிடைத்தால்? இவ்வளவு வானத்தில் ஒன்று இருக்கலாம் என்று பழைய கணக்கே சொல்கிறது! வீட்டுக்கு வந்து நாலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. கணக்கு கல்லு மாதிரி நின்றது. நாங்கள் கண்டுபிடித்தது நல்ல கனமான, முறையாக எதிர்பார்க்கக்கூடிய ஒரு கொத்து.

மறுநாள் சாரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார், ரொம்பப் பொறுமையாக. முடித்ததும் டீ வரவழைத்தார்.

"நீ சொல்றது ஒரு பார்வம்மா. ஆனா அந்த மூணும் வேற வேல. இது தனி வேல."

"ஒரே வேலதான் சார். நீங்கதான் நாலையும் ஒண்ணா குறிச்சுக் குடுத்தீங்க."

"பேஜார் பண்ணாதம்மா. இத பத்திரிகைக்கு அனுப்பியாச்சு."

அனுப்பியாச்சு! நான் வாயைத் திறந்து சரி என்று சொல்லவே இல்லை. என் பெயரை முதலில் போட்டு, என்னைக் கேட்காமல் அனுப்பியிருந்தார். என் பெயரை எடுங்கள் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகம் மாறியது. "உனக்குப் பட்டம் வேணுமா வேணாமா?" என்றார். மிரட்டுகிற குரலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது பரீட்சைக்குப் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கட்டுரை வெளிவந்தது. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. பிரபஞ்சத்தின் தொடக்கத்தையே அசைத்த ஆம்பூர்ப் பெண் என்று ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். என் தலைக்குப் பின்னால் நட்சத்திரங்கள், கிரகங்கள், ஒரு ராக்கெட். ராக்கெட் எதற்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அம்மா ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாராட்டு விழாவுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "மேடைல ஏதாவது ஏடாகூடமா பேசிடாதடி" என்று பஸ்ஸிலேயே கெஞ்சியிருந்தாள். வீட்டில் என் மூஞ்சியைப் பார்த்தே அவளுக்கு ஏதோ வாசனை தட்டியிருந்தது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை நன்றி சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் எனக்கு முன்னால் பேசிய ஒருவர், உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் இத்தனை நாள் முட்டாளாக இருந்தார்கள், நம்ம பெண் அவர்கள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று பேசிவிட்டுப் போயிருந்தார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். எனக்கு நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டது.

"இந்தக் கொத்து கிடைச்சது உண்மை," என்றேன். "ஆனா இதுக்கு முன்னாடி இதவிடப் பெரிய மூணு இடத்துல தேடினேன். ஒண்ணும் கிடைக்கல. அதையும் சேர்த்துப் பார்த்தா பழைய கணக்கு சரியாத்தான் இருக்கு. யாரும் முட்டாள் இல்ல. கட்டுரையில அந்த மூணு இடத்தைப் பத்தி எழுதல. சார், நீங்க இப்பவாவது சொல்லணும்."

சார் எழுந்து மெதுவாக வந்து மைக்கை வாங்கினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அதுல ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

மண்டபமே சிரித்தது. அன்பாகச் சிரித்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. படிக்கிற பெண், ரொம்ப நேர்மை, கொஞ்சம் குழம்பிவிட்டாள் என்கிற சிரிப்பு. சாரும் நடிக்கவில்லை. அந்த மனுஷருக்கு நிஜமாகவே புரியவில்லை. கழித்த தோலைக் கணக்கில் எழுதச் சொல்கிற பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலத்தான் என்னைப் பார்த்தார். நான் பொன்னாடையோடு இறங்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குச் சோறு போட்ட மனுசன மேடைல வச்சு இப்டியா பண்ணுவே? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கினு கம்பெனி பஸ்ல ஏறுவேன்?"

"நீ தினம் கழிக்கிறியே, அத வாங்கற பார்ட்டிகிட்ட மறைக்கிறீங்களா?"

"நாங்க ஏன் மறைக்கணும்? கழிச்சுட்டுத்தான் அனுப்பறோம்னு அவனுக்கே தெரியும். அதுக்குத்தான் எங்கள வச்சுருக்கான்."

"அதான்மா! அவனுக்குத் தெரியும். இந்தக் கட்டுரையப் படிக்கறவனுக்குத் தெரியாது!"

"கத்தாத. பஸ்ல எல்லாம் பாக்கறாங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொன்னாடையை மடித்து, பட்டுப்புடவையோடு சேர்த்து பீரோவில் வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. கட்டுரை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினேன். எழுதிய எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் திருத்த முடியும் என்று பதில் வந்தது. எழுதியது இரண்டே பேர். அந்த இன்னொருவர் திருத்த மாட்டார். இதற்கு நடுவில் யார் யாரோ எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எவ்வளவு வானத்தில் தேடினீர்கள் என்று ஒரு பிரகஸ்பதியும் கேட்கவில்லை.

நான் பிடிவாதமாக ஆய்வேட்டை எழுதி முடித்தேன், நாலு இடங்களோடும். கொத்து இருந்த மூலையின் படத்துக்கு முன்னால் வெறும் இடங்கள் மூன்றின் படங்களையும் வைத்தேன். சாரின் ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது, அவர் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வேட்டை மேஜையில் வைத்தேன். புரட்டினார். அந்த மூன்று படங்களில் கை நின்றது. பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"இந்த அத்தியாயத்த எடுத்துட்டு வாம்மா. இப்பவே போட்டுடறேன்."

"எடுக்க மாட்டேன் சார்."

"இதப் போட்டா நான் எழுதுனது இன்னா ஆவும்?" முதல் தடவையாக அவருக்குக் குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தக் கொஞ்ச நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் கேட்கிறார். "வெறும் எடம்மா. மூணும் வெறும் எடம். இதுக்காகவா உன் படிப்ப நாசம் பண்ணிக்கறே?"

எனக்கு எத்தனையோ பேச வந்தது. கஞ்சி அனுப்பியவர், பிரியாணி பரிமாறியவர். "நீங்க போட வேணாம் சார்" என்று சொல்லி ஆய்வேட்டை எடுத்துக்கொண்டேன். வேறு ஊரில், வேறு கைடிடம், முதலிலிருந்து பதிவு பண்ண வேண்டும். அங்கே யார் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மேடையில் கைடை அவமானப்படுத்திய பெண் என்கிற பெயர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் அம்மா அப்போதுதான் ஃபேக்டரியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் கையில் ஆய்வேட்டைப் பார்த்தாள்.

"போட்டாரா?"

"போடல."

"ஏன்?"

"அந்த மூணு எடத்த எடுத்தாத்தான் போடுவாராம்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். நானும் திருப்பிக் கத்தத் தயாராக இருந்தேன், சொல்லப்போனால் எனக்கு அது தேவைப்பட்டது. அம்மா எழுந்து பீரோவைத் திறந்தாள். அந்தப் பொன்னாடையை உருவித் தரையில் போட்டாள். "கொண்டுபோயி அந்தாளு கிட்டயே குடு" என்றாள். அப்புறம் கையை நீட்டினாள். "எங்க, அத காட்டு."

மூன்று படங்களும் இருந்த பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், ஷூவைப் பார்ப்பதுபோலவே சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். கறுப்பில் பொட்டுப் பொட்டாகச் சாதாரண மண்டலங்கள், அவ்வளவுதான்.

"இதுல நெஜமாவே ஒண்ணும் இல்லியா?"

"இல்லமா."

"நல்லாத் தேடுனியா?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. கைடு கேட்கவில்லை, பத்திரிகை கேட்கவில்லை, கை தட்டியவர்கள் கேட்கவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"தேடினேன்மா," என்று கத்தினேன். "மூலமுடுக்கெல்லாம் தேடினேன். ஒண்ணுமே இல்ல."

"அப்ப அது அதுலயே இருக்கட்டும்," என்றாள் அம்மா. புத்தகத்தை மூடி, பட்டுப்புடவை மேல் வைத்து பீரோவைப் பூட்டினாள்.